பின் இறங்கட்டும்: மின்சார பிரஷர் குக்கரில் ஆவியை வெளியேற்றுவது பற்றி

அடுப்பில் வைக்கும் குக்கர் தன் நிலைமையைச் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். வெயிட் ஆடும், விசில் வரும், அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கும். கூடத்தில் உட்கார்ந்தபடியே விசிலை எண்ணி, "போதும், இறக்கு" என்று குரல் கொடுத்துப் பழகிய வீடுகள் நம்முடையவை. மின்சார பிரஷர் குக்கர் இப்படிப் பேசாது. அழுத்தம் ஏறும்போது சிறிது சீறும். ஏறி முடிந்ததும் அடங்கிவிடும். உள்ளே 115 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் மூன்று லிட்டர் சாம்பார் இருந்தாலும் வெளியே ஒரு சத்தமும் கேட்காது. நேரம் முடிந்ததும் பீப் என்று ஒலிக்கும். அது சமைத்து முடிந்தது என்ற அறிவிப்பு மட்டுமே. மூடியைத் திறக்கலாம் என்ற நிலை வர, அதற்குப் பிறகு இரண்டு நிமிடமும் ஆகலாம், நாற்பது நிமிடமும் ஆகலாம். அந்த இடைவேளையில் என்ன நடக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

சோறு மட்டும் வடிக்கும் எலக்ட்ரிக் ரைஸ் குக்கரை இதோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது. அதில் பெரும்பாலும் அழுத்தம் கிடையாது. மூடியை எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம். நான் சொல்வது மூடி பூட்டிக்கொள்ளும் வகையை. சீனாவில் 1991இலேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். கனடாவின் ஒட்டாவா நகரில் ராபர்ட் வாங்கும் கூட்டாளிகளும் 2009இல் தொடங்கிய நிறுவனம் 2010இல் இன்ஸ்டன்ட் பாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் வட அமெரிக்க வீடுகளில் இது பரவலாக நுழைந்தது. டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பருப்புக்கும் பொங்கலுக்கும் இதைப் பழக்கப்படுத்திக்கொண்டன. ஊருக்கு வரும்போது ஒன்றை அம்மாவுக்கு வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கொடுக்கும்போது எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டுகிறார்கள். ஆவியை எப்படி இறக்க வேண்டும் என்பதை அவசரத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவியை எந்த முறையில் வெளியேற்றுவது என்பதை, உள்ளே என்ன போட்டோம், எந்த அளவுக்குப் போட்டோம் என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பசியும் அவசரமும் அதில் தலையிடக் கூடாது. ஆகவே அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டிய நேரம் பீப் ஒலித்த பிறகு வருவதில்லை. மூடியைப் பூட்டுவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

உள்ளே அடைபட்டிருப்பது எவ்வளவு

கடல் மட்டத்தில், திறந்த பாத்திரத்தில், தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். மூடி இறுகி உள்ளே அழுத்தம் கூடினால் கொதிநிலையும் மேலே போகும். அடுப்புக் குக்கரின் வெயிட் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தத்தில் தூக்கிக்கொள்ளும். அப்போது உள்ளே 120 டிகிரியை ஒட்டிய சூடு. மின்சாரக் குக்கர்களில் பெரும்பாலானவை அதைவிடச் சற்றுக் குறைவாக, 0.7 முதல் 0.8 கிலோ அழுத்தத்தில் வேலை செய்கின்றன. சூடு 115 முதல் 118 டிகிரி. அந்த அளவை எட்டியதும் உள்ளிருக்கும் உணர்கருவி ஹீட்டரை நிறுத்திவிடும். அழுத்தம் குறைந்தால் மீண்டும் போடும். மிச்ச ஆவியை விசிலாக வெளியே விட வேண்டிய தேவை இதற்கு இல்லை. அதனால்தான் இந்த அமைதி.

இந்த நிலையில் அழுத்தத்தைத் திடீரென்று நீக்கினால் என்ன ஆகும்? 117 டிகிரியில் இருக்கும் தண்ணீர், வெளிக்காற்றின் அழுத்தத்தில் தண்ணீராகவே இருக்க முடியாது. 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். இறங்குவதற்காகத் தன்னில் ஒரு பகுதியை ஆவியாக மாற்றித் தள்ளும். கணக்குப் போட்டால் அந்தப் பகுதி சுமார் 3 சதவீதம்தான். ஆனால் நூறு டிகிரியில் ஒரு கிராம் ஆவி 1.67 லிட்டர் இடத்தை அடைக்கும். மூன்று லிட்டர் சாம்பாரிலிருந்து ஏறத்தாழ 95 கிராம் ஆவி கிளம்புகிறது என்றால் அது 160 லிட்டர். பத்துக் குடத்துக்கு மேல் நிரப்பும் அளவு. அத்தனையும் ஒரு பென்சில் நுழையும் அளவுகூட இல்லாத துவாரத்தின் வழியே ஓரிரு நிமிடத்தில் வெளியேற வேண்டும். மூடியே கழன்றுவிட்டால் அந்த ஓரிரு நிமிடமும் கிடையாது. ஒரு நொடிக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். அதுவும் ஆவியாக மட்டும் வராது, சாம்பாரையும் வாரிக்கொண்டு வரும்.

மூடியின் மீதுள்ள விசையையும் பார்க்கலாம். 22 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மூடியின் பரப்பு சுமார் 380 சதுர சென்டிமீட்டர். சமையல் நடக்கும்போது அதன் அடிப்பக்கத்தை ஏறத்தாழ 280 கிலோ விசை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அழுத்தம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்த பிறகும் 14 கிலோ மிச்சம் இருக்கும். 'ஆவி கிட்டத்தட்டப் போய்விட்டது, லேசாகத் திருகிப் பார்க்கலாம்' என்று நினைக்கும் கைக்கு இந்தப் பதினான்கு கிலோ தெரிய வேண்டும்.

கொதிநீரைவிட ஆவி ஏன் மோசமாகச் சுடுகிறது என்பதற்கும் எண் உண்டு. தோலில் படும் ஒரு கிராம் கொதிநீர் உடல் சூட்டுக்கு ஆறும்போது சுமார் 260 ஜூல் வெப்பத்தைத் தோலில் இறக்குகிறது. ஒரு கிராம் ஆவி முதலில் நீராக மாற வேண்டும். அந்த மாற்றமே 2,257 ஜூலைக் கொட்டுகிறது, பிறகு மேற்படி 260. மொத்தத்தில் ஒன்பது மடங்குக்கு மேல். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆவி வெளியேறும் துவாரத்தை உற்றுப் பாருங்கள் (தள்ளி நின்று). வெள்ளையாகப் புகைபோல் தெரிவது துவாரத்தின் வாயிலிருந்து சிறிது உயரத்தில்தான் தொடங்கும். அதற்குக் கீழே காலியாகத் தெரியும் இடத்தில்தான் உண்மையான ஆவி இருக்கிறது. ஆவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் வெண்மை அது குளிர்ந்து நுண்துளிகளான பிறகு வருவது. கை வைக்கவே கூடாத இடம், ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும் அந்தச் சிறு இடைவெளிதான்.

முன்னூற்று நாற்பது ஆண்டுப் பிரச்சினை

ஆவியை அடைத்துச் சமைக்கும் பாத்திரத்தை முதலில் செய்தவர் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு அறிவியலாளர், 1679இல், லண்டனில். எலும்பைக்கூட மெத்தென்று ஆக்கிவிடும் கலம் என்று அதை அறிமுகப்படுத்தி 1681இல் ஒரு நூலும் எழுதினார். மறு ஆண்டு ராயல் சொசைட்டியைச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கலத்தில் சமைத்து விருந்து வைத்தார்; ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் அதைப் பதிந்திருக்கிறார். கலத்தைவிட முக்கியமானது பாப்பின் அதோடு சேர்த்த பாதுகாப்பு வால்வு. எடை தொங்கும் ஒரு நெம்புகோல் துவாரத்தை மூடியிருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் எடையைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறும். நம் வீட்டுக் குக்கரின் வெயிட் இந்த யோசனையின் நேர் வாரிசு. அதிக அழுத்தத்தைத் தானாக வெளியேற்றும் கேள்விக்கு விடை அப்போதே கிடைத்துவிட்டது. வேலை முடிந்த பிறகு மிச்ச அழுத்தத்தை எப்படி இறக்குவது, அது இறங்கும் முன் மனிதக் கை மூடியைத் திறந்துவிடாமல் எப்படித் தடுப்பது என்ற கேள்விக்குத்தான் இன்றும் புதுப்புது விடைகள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்தியாவில் இரண்டு விடைகள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பக்கத்துப் பக்கத்தில் விற்கின்றன. ஹாக்கின்ஸ் வகையில் மூடி பாத்திரத்தின் உள்ளே இறங்கி, விளிம்பின் அடியில் பதிந்துகொள்ளும். உள்ளழுத்தம் மூடியை விளிம்போடு சேர்த்து மேலே அழுத்துவதால், அழுத்தம் இருக்கும்வரை எவ்வளவு பலசாலியாலும் அதை உள்ளே இறக்கித் திறக்க முடியாது. ஆவியே பூட்டாகிறது. பிரெஸ்டீஜ் வகை போன்ற வெளிமூடிக் குக்கர்களில் மூடி மேலே உட்கார்ந்து, திருகினால் பற்களில் மாட்டிக்கொள்ளும். இங்கே உள்ளழுத்தம் மூடியைத் தூக்கி எறியத்தான் பார்க்கிறது. பற்கள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. பலமாகத் திருகினால் பல் விலகிவிடும் ஆபத்து இந்த வகைக்கே உரியது.

மின்சார பிரஷர் குக்கர்கள் அநேகமாக எல்லாமே வெளிமூடி வகைதான். இதைத் தெரிந்துகொண்டால் மூடியில் இருக்கும் ஒரு சிறு உலோக பின்னின் அருமை புரியும்.

மூடியில் இருக்கும் இரண்டு துவாரங்கள்

மூடியின் மேல் ஒரு குமிழ் இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் 'சீலிங்', மறுபக்கம் 'வென்டிங்'. ஆவி வெளியேறும் வழி அதுதான். பல மாடல்களில் இந்தக் குமிழ் தளர்வாக ஆடும். தொட்டால் கழன்று வந்துவிடும்போல் இருக்கும். பழுது என்று நினைத்து அழுத்திச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆடுவதுதான் அதன் இயல்பு. அழுத்தம் எல்லை மீறினால் தானே எழும்பி ஆவியை விடுவதற்காகத்தான் அதை அப்படி வைத்திருக்கிறார்கள். அதன் மீது ஒரு கனத்தை வைப்பதும் துணியைச் சுற்றி அமுக்குவதும் பாப்பின் காலத்து வால்வை மூடி வைப்பதற்குச் சமம்.

குமிழுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு துவாரம். அதில் ஒரு உலோக பின், அடியில் ஒரு சிறு சிலிக்கான் மூடியுடன் தளர்வாகத் தொங்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் ஆவி அதைத் தூக்கி மேலே நிறுத்தும். மூடியின் மட்டத்துக்கு வந்து எட்டிப் பார்க்கும். மேலே நிற்கும் பின், மூடி திரும்பாதபடி உள்ளே ஒரு தாழ்ப்பாளை மறித்துக்கொண்டு நிற்கிறது. அழுத்தம் இறங்கினால் பின் தன் எடையில் கீழே விழும், தாழ்ப்பாள் விடுபடும். வீட்டில் எல்லாரும் பார்த்துப் பழக வேண்டியது குமிழைவிட இந்தப் பின்னைத்தான். சீறல் நின்றது, பீப் ஒலித்தது, திரையில் ஏதோ எழுத்து வந்தது என்பவை எல்லாம் துணைச் சாட்சிகள். பின் இறங்கினால் மட்டுமே திறக்கலாம்.

அடியில் ஒரு கவசம் உண்டு. மூடியைத் திருப்பிப் பார்த்தால் ஆவித் துவாரத்தின் மேல் கம்பி வலையோ துளையிட்ட சிறு கிண்ணமோ மாட்டியிருக்கும். பருப்புத் தோல், சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை இவை துவாரத்தை அடைக்காமல் காப்பது அதன் வேலை. பலர் வாங்கிய நாளிலிருந்து அதைக் கழற்றியதே இல்லை. விரலால் பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும்; கழற்றிப் பார்த்தால் உள்ளே மஞ்சளாகக் காய்ந்த பருப்பு ஒட்டியிருப்பது தெரியும்.

எப்போது விடலாம், எப்போது பொறுக்க வேண்டும்

மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, எதையும் தொடாமல் தானாக அடங்க விடுவது. ஹீட்டர் நின்ற பிறகு சூடு மெல்ல இறங்கும், ஆவி உள்ளேயே நீராகும், பின் தானே விழும். பாதி நிரம்பிய பாத்திரத்துக்குப் பதினைந்து இருபது நிமிடம். நிறைய இருந்தால் அரை மணியைத் தாண்டும். அடுப்புக் குக்கரைவிட இது தாமதம்தான். இரட்டைச் சுவரும் தடித்த அடியும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, இறக்கி வேறிடத்தில் வைக்கவும் வழியில்லை. குழாய்த் தண்ணீரில் பிடித்துச் சீக்கிரம் அடக்கும் நம் பழைய வழக்கத்தை இங்கே கனவிலும் நினைக்கக் கூடாது, இது மின்கருவி.

இரண்டாவது, நேரம் முடிந்ததும் குமிழைத் திருப்பி ஆவியை முழுவதும் விட்டுவிடுவது. மூன்றாவது, பத்து நிமிடம் போல் பொறுத்திருந்து, மிச்சத்தை விடுவது. நம் சமையலுக்கு இந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் பொருந்துகிறது என்பது என் கணிப்பு.

காரணம் நாம் சமைப்பவை. துவரம் பருப்பு, பாசிப்பருப்பு, வெண்பொங்கல், கஞ்சி, கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாமே நுரைப்பவை அல்லது கெட்டியானவை. பருப்பில் உள்ள புரதமும் மாவுச்சத்தும் குமிழிகளுக்குத் தோல் போர்த்திவிடுகின்றன. குமிழி உடையாமல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். அழுத்தம் இருக்கும்போது இந்தக் கொதிப்பு அடங்கியிருக்கும். குமிழைத் திருப்பிய மறுகணம் பாத்திரம் முழுவதும் ஒரே நேரத்தில் கொதிக்கத் தொடங்கும், நுரை மூடிவரை எழும்பும், துவாரத்தில் ஏறும். பார்த்திருந்தால் வரிசை தெளிவாகத் தெரியும். முதலில் உலர்ந்த வெள்ளை ஆவி நேராகப் போகும். பிறகு சீறலின் சுருதி இறங்கி, ஈரமான ஒரு கொரகொரப்பு சேரும். குமிழைச் சுற்றி மூடியில் மஞ்சள் துளிகள் தெறிக்கும். அடுத்து வருவது ஆவி இல்லை, பருப்புத் தண்ணீர். சுவரிலும் மேல் அலமாரியிலும் அடித்துவிடும். அந்தக் கொரகொரப்பைக் கேட்டதுமே நீண்ட கரண்டியால் குமிழை மீண்டும் சீலிங்குக்குத் தள்ளிவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஒரு நொடி திறந்து மூடி, மறுபடி ஒரு நொடி என்று விட்டு விட்டு இறக்கலாம். இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். பருப்பு கூடக் கொஞ்சம் குழையும், அவ்வளவுதான்.

கொண்டைக்கடலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. உடனே ஆவியை விட்டால் கடலையின் உள்ளிருக்கும் தண்ணீரும் திடீரென்று கொதிக்கிறது. தோல் வெடித்து, சுண்டலுக்கு ஆகாத கடலையாகிவிடும். ஆட்டுக்கறி, எலும்பு சூப்பு போன்றவற்றையும் தானாக அடங்க விடுவதே நல்லது. சூப்பு கலங்காமல் இருக்கும். பால் சேர்த்த அக்கார அடிசிலுக்கு உடனே ஆவியை விடும் பேச்சுக்கே இடமில்லை. மறுபக்கம் பீன்ஸ், கேரட், காலிஃபிளவர், சோளக்கதிர், முட்டை இவற்றுக்கு உடனே விடுவதுதான் சரி. நுரை வராது, திரவமும் அடியில் ஒரு கப்தான் இருக்கும். பொறுத்தால் காய் கூழாகிவிடும். சோற்றுக்குப் பத்து நிமிடம் பொறுத்தால் பருக்கையும் அமரும், கஞ்சியும் தெறிக்காது.

அளவு இதைவிட முக்கியம். எந்த மாடலின் கையேட்டைப் புரட்டினாலும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, பருப்பும் தானியமும் என்றால் பாதிக்கு மேல் கூடாது என்றிருக்கும். பாதிக் கோடு என்பது தண்ணீரும் சேர்த்து. ஆறு லிட்டர் குக்கரில் மூன்று லிட்டர் பொங்கல்தான். விருந்துக்கு ஆள் கூடும் நாளில்தான் இந்தக் கோட்டை மீறுகிறோம். அன்றைக்குத்தான் அவசரமும் கூடுகிறது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ சேர்த்தால் நுரை ஓரளவு மட்டுப்படும். நம் அம்மாக்கள் பருப்பில் எண்ணெய் விடுவதை இதற்காகவும் தொடரலாம். ஆனால் மூடியைப் பூட்டி உள்ளே எண்ணெயில் பொரிப்பதை எந்த நாளிலும் செய்யக் கூடாது. எண்ணெயின் சூட்டுக்குத் தண்ணீரின் கொதிநிலை எல்லையாக இருக்காது.

கை, முகம், சுவர்

குக்கர் வைக்கும் இடத்தை யாரும் யோசிப்பதில்லை. நம் சமையலறைகளில் மேடைக்கு நேர் மேலே சுவரில் சுவிட்ச் போர்டு இருக்கும். அதற்கு மேல் அலமாரி. ஆவித் துவாரம் சுவர்ப்பக்கம் இருந்தால் ஈரம் முழுவதும் பிளக்கில் இறங்கும், அலமாரியின் பிளைவுட் ஊறி உப்பும். ஆவி விடும் நேரத்துக்காவது குக்கரைச் சிம்னிக்கு அடியிலோ ஜன்னல் ஓரத்திலோ திறந்த இடத்திலோ வைத்துத் துவாரத்தை ஆள் இல்லாத பக்கம் திருப்ப வேண்டும். நகர்த்துவதாக இருந்தால் சமையல் தொடங்கும் முன்பே. அழுத்தம் இருக்கும்போது தூக்கக் கூடாது. தரையிலும் தாழ்வான ஸ்டூலிலும் வைப்பது எனக்குக் கவலை தருகிறது. பெரியவர்களுக்கு இடுப்புக்குக் கீழே கிளம்பும் ஆவி, தவழ்ந்து வரும் குழந்தைக்கு முக உயரத்தில் கிளம்புகிறது. தொங்கும் வயரை இழுப்பதும் குழந்தைதான்.

குமிழைத் திருப்ப விரல் வேண்டாம், நீளக் கரண்டியின் காம்பு போதும். துவாரத்தின் மேல் ஈரத்துணி போடுவது சரி என்று சிலர் சொல்கிறார்கள். துணி ஆவியைப் பக்கவாட்டில், கையை நோக்கித் திருப்பிவிடும். ஊறிய துணியே சுடவும் செய்யும். தயாரிப்பாளர்களும் துவாரத்தை மூட வேண்டாம் என்றே எழுதுகிறார்கள். புதிய மாடல்களில் துவாரத்திலிருந்து தள்ளி ஒரு பொத்தானோ நெம்புகோலோ வைத்து, அதை அழுத்தினால் ஆவி போகும்படி செய்திருக்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் திரையில் எத்தனை மெனு இருக்கிறது என்று பார்ப்பதைவிட இது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பின் இறங்கிய பிறகு மூடியைத் திறப்பதிலும் ஒரு முறை உண்டு. மூடியின் எதிர்ப்பக்கம் முதலில் எழும்பும்படி சாய்த்தால் மிச்ச ஆவி அந்தப் பக்கமாகப் போகும். நம் பக்கம் மூடியே கேடயம். திறந்ததும் கரண்டியை விடாதீர்கள். கெட்டியான பருப்பின் அடியில் சூடு அதிகமாகச் சிக்கியிருந்தால், கிளறியவுடன் குபுக்கென்று எழும்பித் தெறிக்கும். ஒரு நிமிடம் பொறுத்தால் மேற்பரப்பு தானாகத் தளதளத்து அடங்கிவிடும்.

சொன்னபடி நடக்காதபோது

நெடுநேரம் ஆகியும் பின் இறங்கவில்லை, குமிழைத் திருப்பினாலும் ஆவி வரவில்லை என்றால் துவாரம் அடைத்திருக்கிறது என்று பொருள். உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு விலகி நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. ஊசி, பின், கத்தி நுனி எதையும் துவாரத்தில் விடக் கூடாது. சூடு இறங்க இறங்க உள்ளிருக்கும் ஆவி தண்ணீராகும். காலம் இங்கே நம் பக்கம்தான் வேலை செய்கிறது.

இதற்கு நேர் எதிரான நிலையும் வரும். பின் இறங்கிவிட்டது, குக்கரும் ஆறிவிட்டது, ஆனால் மூடி திரும்ப மறுக்கிறது. பலர் இதையும் அழுத்தம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள், அல்லது முழங்காலை முட்டுக்கொடுத்துத் திருகுகிறார்கள். முழுக்கத் தானாக ஆறிய குக்கரில் ஆவி நீராகிச் சுருங்கியதால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்திருக்கிறது. குமிழை வென்டிங்குக்குத் திருப்பினால் காற்று உஸ்ஸென்று உள்ளே போகும், மூடி இலகுவாகும்.

சமையல் நடக்கும்போதே மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்தால் சிலிக்கான் வளையம் சரியாக உட்காரவில்லை, அல்லது வயதாகிவிட்டது. ரசமும் மசாலாவும் ஏறி நிறம் மாறுவது பரவாயில்லை. வெடிப்பு, தளர்ச்சி, நீட்சி தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். அடுப்புக் குக்கரின் கேஸ்கட்டை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவதைப் போலத்தான்.

சுட்டுவிட்டால் முதல் வேலை குழாய்த் தண்ணீர். ஓடும் சாதாரணத் தண்ணீரில் முழுதாக இருபது நிமிடம். வளையல், மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். இவை சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், மருத்துவர் புண்ணைப் பார்க்கவும் தடையாகும். முகம், கண், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலும், குழந்தைக்குப் பட்டிருந்தாலும், உள்ளங்கை அளவுக்குக் கொப்புளித்திருந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சமைப்பவர் மட்டுமா பொறுப்பு?

இதுவரை சொன்னதெல்லாம் சமைப்பவர் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் கேள்வியின் மறுபாதியை விட்டுவிட்டால் அநியாயம். கருவியே தவறாக இருந்தால் கவனம் எந்த அளவுக்குக் காப்பாற்றும்?

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மூலம் அறிவிக்கப்பட்ட திரும்பப் பெறல்களைப் பார்த்தால் இது வெறும் ஊகம் இல்லை என்று தெரியும். 2020 நவம்பரில் சன்பீம் நிறுவனம் கிராக்-பாட் எக்ஸ்பிரஸ் குக்கர்கள் 9 லட்சத்து 14 ஆயிரத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது. மூடி முழுதாகப் பூட்டாத நிலையிலும் அழுத்தம் ஏறிவிடும், மூடி கழன்றுவிடும் என்பது குறை. 119 புகார்கள், 99 பேருக்குச் சூட்டுக்காயம். 2023 ஆகஸ்டில் சென்சியோ நிறுவனத்தின் பல பெயர்களில் விற்ற சுமார் 8 லட்சத்து 60 ஆயிரம் குக்கர்கள். 61 பேருக்குக் காயம். 2025 மே மாதம் ஷார்க்நிஞ்சா நிறுவனம் ஃபூடி வகையில் சுமார் 18 லட்சம் குக்கர்களைத் திரும்ப அழைத்தது. சமையல் நடக்கும்போதே மூடியைத் திறந்துவிட முடிகிறது என்பது காரணம். 106 பேருக்குச் சூட்டுக்காயம். அவற்றில் 50க்கும் மேற்பட்டவை முகத்திலும் உடலிலும் இரண்டாம், மூன்றாம் நிலைக் காயங்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 2023 அக்டோபரில் பெஸ்ட் பை நிறுவனம் தன் இன்சிக்னியா குக்கர்களைத் திரும்பப் பெற்றது. சுமார் 9 லட்சத்து 30 ஆயிரம். அங்கே மூடி மட்டும் பிரச்சினை இல்லை; உள்பாத்திரத்தில் பொறித்திருந்த அளவுக் கோடுகளே தவறு. கோட்டை நம்பி ஊற்றினவர்கள் அளவுக்கு மேல் நிரப்பிவிட்டார்கள். ஆவியை உடனே திறந்துவிட்டபோது கொதிக்கும் உணவு பீய்ச்சியடித்தது. 17 பேருக்குக் காயம். சொன்னபடி செய்தவர்களே சுட்டுக்கொண்டார்கள். எவ்வளவு ஊற்றினோம் என்பதில்தான் ஆவி இறக்கும் வேலை தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் வேண்டியதில்லை.

விபத்து என்றதும் 'அவசரப்பட்டிருப்பாள்' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். பெரும்பாலும் காயம்படுகிறவர்கள் வீட்டுப் பெண்களும் சமையல் வேலைக்கு வருகிறவர்களும். அழுத்தம் இருக்கும்போது திறந்துவிடுகிற மூடி இருந்தால் குற்றம் மூடியின் மேல்தான். எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுவது தாழ்ப்பாளுக்கு ஈடாகாது. இந்தியாவில் வீட்டு பிரஷர் குக்கர்களுக்கு ஐ.எஸ். 2347 என்ற தரம் உண்டு. 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகிவிட்டது. முத்திரை இல்லாத குக்கர்களைத் தன் தளத்தில் விற்க அனுமதித்ததற்காக 2022இல் அமேசானுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விற்றவை 2,265. அபராதத் தொகை சிறிது. ஆனால் விற்கும் தளத்துக்கும் பொறுப்பு உண்டு என்று நிலைநாட்டியது பெரிது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் குக்கருக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. பெயரும் மாடல் எண்ணும் அடித்தட்டில் இருக்கும். கொடுக்கும் முன் அது திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை. அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகவே கூடாது என்பதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

புதுக் குக்கரில் முதல் சமையல் பருப்பாக இருக்க வேண்டாம். மூன்று கப் தண்ணீர் மட்டும் ஊற்றி, ஐந்து நிமிடம் வைத்து, பெரும்பாலான கையேடுகள் சொல்லும் அந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்து பாருங்கள். அம்மா, பாட்டி, சமையலுக்கு வரும் அக்கா, யார் யார் அதைக் கையாளப் போகிறார்களோ எல்லாரும் பக்கத்தில் இருக்கட்டும். பின் மேலே எழும்புவதைக் காட்டுங்கள். கரண்டிக் காம்பால் அவர்களே குமிழைத் திருப்பட்டும். சீறல் எவ்வளவு உரக்கக் கேட்கும், எந்தப் பக்கம் போகும், எத்தனை நேரம் நீளும் என்று வெறும் தண்ணீரிலேயே தெரிந்துகொள்ளட்டும். சீறல் நின்ற பிறகும் பின் இறங்கச் சில நொடி பிடிக்கும். அந்தச் சில நொடியில் மூடியைத் திருகிப் பார்க்க வேண்டாம்; தாழ்ப்பாள் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. பின் இறங்கும் முன்பே மூடி எப்போதாவது திரும்பிவிட்டால் அந்தக் குக்கரைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.